காருக்கு அடியில் தண்ணீர்: ஏர்கோனா, ரேடியேட்டரா?

கூலாய் – காரை நிறுத்திய இடத்தில் ஈரம் தெரிந்தால், "ஏர்கோன் தண்ணீர்தான்" என்று பேசாமல் போய்விடுகிறவர்கள் நம்மில் அதிகம். பெரும்பாலான நேரங்களில் அது சரிதான். ஆனால் அது ரேடியேட்டர் தண்ணீராக இருந்துவிட்டால், ஒரு ரப்பர் குழாயின் விலையில் முடிந்திருக்க வேண்டிய பழுது, என்ஜினையே பிரித்துப் பார்க்கும் செலவில் கொண்டுபோய் விட்டுவிடும். கூலாயிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஜொகூர் பாருவுக்கும், அங்கிருந்து கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கவலை வேண்டாத தண்ணீர்

குளிர்ந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்போம். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஏர்கோன் குளிர்ச்சுருளிலும் அதுதான் நடக்கிறது. காற்றில் உள்ள ஈரம் அதில் பட்டுத் தண்ணீராகி, ஒரு சிறு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டுகிறது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் தண்ணீரும் அதிகமாகவே சொட்டும். அதற்கு நிறமோ, மணமோ, வழுவழுப்போ இருக்காது. பெரும்பாலும் முன்பயணியின் காலடிக்குக் கீழே விழும்.

ஏர்கோன் நெடுநேரம் ஓடியும் வெளியே ஒரு சொட்டுகூட விழாமல், முன்பயணியின் காலடிக் கார்ப்பெட் நனைந்திருந்தால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். என்ஜினுக்கு இதனால் ஆபத்து இல்லை. ஆனால் விட்டுவைத்தால் நாற்றமும் பூஞ்சையும் வரும். பட்டறையில் குழாயைச் சுத்தம் செய்தால் போதும்.

கவலைப்பட வேண்டிய தண்ணீர்

கூலன்ட் கலந்த தண்ணீர் பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு அல்லது நீல நிறத்தில் இருக்கும். தொட்டால் வழுவழுக்கும், லேசான இனிப்பு வாடை வரும். அது நஞ்சு என்பதால் குழந்தைகளும் பூனை, நாய்களும் நக்கிவிடாமல் உடனே கழுவிவிட வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் ரேடியேட்டரில் வெறும் பைப் தண்ணீரையே ஊற்றி வருகிறவர்களுக்குத்தான் சிக்கல். அவர்களின் கார் ஒழுகினாலும் நிறம் தெரியாது, ஏர்கோன் தண்ணீர் போலவே இருக்கும். வெறும் தண்ணீரால் உள்ளே துரு பிடிக்கும் என்பது வேறு.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. வீடு திரும்பி அரை மணி நேரம் கழித்து, ஏர்கோன் சொட்டு நின்ற பிறகு, ஒரு வெள்ளை அட்டையைக் காரின் முன்பகுதிக்கு அடியில் விரித்து வையுங்கள். இரவு முழுவதும் ஏர்கோன் ஓடவில்லை. ஆகவே காலையில் அட்டையில் புதிய ஈரம் இருந்தால் ஏர்கோன் மீது பழி போட முடியாது. அதோடு, என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவில் தண்ணீர் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். வெளியே ஒழுகாமலேயே அது குறைந்துகொண்டு வந்தாலோ, புகைபோக்கியில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். அந்த நிலையில் காரை ஓட்டக்கூடாது.

ஏர்கோன் போட்டால் ஏன் சூடேறுகிறது?

காருக்குள் இருந்து எடுத்த வெப்பத்தை ஏர்கோன் கண்டென்சர் வழியாக வெளியேற்றுகிறது. பெரும்பாலான கார்களில் அந்தக் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. அதனால் ரேடியேட்டருக்குக் கிடைப்பது ஏற்கெனவே சூடான காற்று. கம்பிரசரைச் சுழற்றும் சுமையும் என்ஜின் மீதுதான் விழுகிறது. நல்ல நிலையில் உள்ள கார் இதையெல்லாம் தாங்கும். தாங்கவில்லை என்றால் ஏற்கெனவே இருந்த ஒரு கோளாறை ஏர்கோன் காட்டிக்கொடுக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நெடுஞ்சாலையில் சரியாக ஓடும் கார், கடற்பால நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதல் சந்தேகம் காற்றாடி மேல். என்ஜினை ஓடவிட்டு ஏர்கோனைப் போட்டால், மின்காற்றாடி சிறிது நேரத்தில் சுழலத் தொடங்க வேண்டும். கை வைக்காமல் தள்ளி நின்று கவனியுங்கள். காற்றாடி சுழலாவிட்டால் கார் நிற்கும்போது ஏர்கோனும் குளிராது. இதைக் கேஸ் குறைவு என்று நினைத்து கேஸ் போட்டால் பணம்தான் வீண்.

நெரிசலில் ஒன்றும் இல்லாமல், வேகமாக ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், தண்ணீர்ப் பம்ப், கூலன்ட் குறைவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பனைத் தோட்டப் பாதைகளில் ஓடும் கார்களில் செம்மண் தூசும் சருகும் பூச்சியும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே படிந்து காற்றை அடைத்துவிடும். என்ஜின் ஆறிய பிறகு மெதுவான தண்ணீரில் கழுவலாம். அழுத்தமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

வழியில் சூடேறினால்

சில பெரோடுவா கார்களில் வெப்பம் காட்டும் முள் இல்லை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கும், அளவுக்கு மீறிச் சூடேறினால் சிவப்பு விளக்கும் எரியும். சிவப்பு எரிந்த பிறகு "அடுத்த டோல் வரை போய்விடலாம்" என்று நினைப்பதுதான் என்ஜினைக் கெடுக்கிறது.

ஏர்கோனை அடைத்துவிட்டு, பாதுகாப்பாக ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்துங்கள். நெடுஞ்சாலை என்றால் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நின்று, பிளஸ் நெடுஞ்சாலையின் 1800-88-0000 என்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கவே கூடாது. மூடியின் அழுத்தத்தால் உள்ளே உள்ள தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் விலகி, கொதித்துச் சீறி முகத்திலும் கையிலும் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து, மூடியைத் தொட்டால் சூடு தெரியாத பிறகு, தடித்த துணி வைத்து மெல்லத் திறக்க வேண்டும். சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் வெடித்துவிடக்கூடும்.

அவசரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டி வந்தாலும், பட்டறைக்குப் போனதும் ஒழுகும் இடத்தை அடைத்து, சரியான கூலன்ட் மாற்றிக்கொள்ள வேண்டும். மெக்கானிக்கிடம் "கார் சூடாகுது" என்று மட்டும் சொல்லாமல், நிற்கும்போதா ஓடும்போதா, ஏர்கோன் போட்டபோது மட்டுமா, தண்ணீர் எந்த இடத்தில் சொட்டியது என்பதையும் சேர்த்துச் சொன்னால் தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவு மிச்சமாகும்.