இருமும் எஞ்சினும் ஒரு பெரியவரின் கேள்வியும்

அவுஸ்திரேலியாவில் வீடொன்றை வாடகைக்கு எடுத்ததும் எம்மவரைத் தேடி வரும் கவலைகளில் ஒன்று புல். ஊரில் ஆடும் மாடும் பார்த்துக்கொண்ட வேலை இங்கே எமது தலையில். ஆனால் அதே புல் சிலருக்குச் சோறும் போடுகிறது. மெல்பேர்ணில் டண்டினோங் பக்கம் வசிக்கும் நாமும் நண்பர் ஒருவருமாகப் பங்கு போட்டு, ஏறியிருந்து ஓட்டும் பழைய புல்வெட்டி ஒன்றை வாங்கினோம். வார இறுதிகளில் பெரிய காணிகளில் புல் வெட்டுவது. வரும் காசில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்புவது. இதுதான் திட்டம்.

மூன்றாம் வாரமே எஞ்சின் இருமத் தொடங்கியது. நன்றாக ஓடும், திடீரென்று இரண்டு மூன்று தரம் தடுமாறும், மீண்டும் ஒழுங்காக ஓடும். காணிச் சொந்தக்காரரோ, அடுத்த சனிக்கிழமைக்குள் வேலை முடியாவிட்டால் வேறு ஆளைப் பிடிப்பதாகச் சொல்லிவிட்டார்.

நாம் பதறிப்போனோம். புது ஸ்பார்க் பிளக் போட்டோம். காபரேற்றரைக் கழற்றிக் கழுவினோம். காற்று வடியை மாற்றினோம். காசு போனது, இருமல் போகவில்லை.

கடைசியில், யாழ்ப்பாணத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின்கள் திருத்திய பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். 1990 இல் போர் மீண்டும் மூண்டு பெற்றோல் கிடைக்காத காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் சாவியைத் தொடவே இல்லை.

"தம்பியவை, கழட்டுறதை நிப்பாட்டுங்கோ. இது எப்ப இருமுது? சூடானாப் பிறகோ, கனநேரம் ஓடினாப் பிறகோ, மேடு பள்ளத்திலை ஏறி இறங்கேக்கையோ?"

எம்மிடம் பதில் இல்லை. பாகங்களைப் பார்த்தோமே தவிர, நேரத்தைப் பார்க்கவில்லை.

அவர் சொல்லித் தந்ததை வாசகர்களுக்கும் தருகிறோம். எஞ்சின் தடுமாறினால் குறை பெரும்பாலும் பெற்றோலில் அல்லது பொறியில் இருக்கும். பிளக்குக்கும் அதன் வயருக்கும் இடையே மாட்டும் சிறிய சோதனை விளக்கு உதிரிப்பாகக் கடைகளில் விற்கிறது. எஞ்சின் தடுமாறும்போது விளக்கும் அணைந்தால் குறை பொறியில். விளக்கு ஒழுங்காக மின்னினால் பெற்றோல் பக்கம் தேடுங்கள்.

சிறிது நேரம் ஓடியபின் தடுமாறினால், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டுத் தாங்கி மூடியைத் தளர்த்துங்கள். அதன்பின் சரியாக ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த பெற்றோலையும் நம்ப வேண்டாம். சூடானால் மட்டும் பொறி நின்று, ஆறியதும் திரும்பினால், சந்தேகம் கொயிலில்.

மேடு பள்ளத்தில் தடுமாறினால் வயர்களைப் பாருங்கள். எமது குறை இதுதான். அன்று மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, சில்லு குழியில் விழும்போதெல்லாம் இருமியது, விளக்கும் அணைந்தது. இந்த எஞ்சினை நிறுத்துவதற்கு, கொயிலில் இருந்து வரும் ஒரு வயர் எஞ்சினின் இரும்போடு இணைக்கப்படும். உடனே பொறி நின்றுவிடும். ஆசனத்தின் கீழுள்ள பாதுகாப்பு ஆளியும் அந்த வயரோடு தொடர்புடையது. எமது புல்வெட்டியில் அந்த வயர் சட்டத்தில் உரசி உரசி மேலுறை தேய்ந்திருந்தது. ஒவ்வொரு குலுக்கலிலும் அது இரும்பைத் தொட, எஞ்சின் ஒரு கணம் தன்னை நிறுத்தச் சொன்னதாக எண்ணிக்கொண்டது.

புது வயர்த் துண்டு, ஒட்டுநாடா, சட்டத்தில் உரசாமல் கட்ட இரண்டு பிளாஸ்ரிக் கட்டுகள். செலவு சில டொலர்கள். சனிக்கிழமை வேலையும் முடிந்தது. அந்தக் காணியும் எம்மிடமே இருக்கிறது.

சில எச்சரிக்கைகள். கத்தியின் பக்கம் கை வைக்குமுன் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, பிளக் வயரையும் கழற்றுங்கள். ஆசன ஆளி தொல்லை தருகிறதென்று அதைத் துண்டித்து நேராக இணைக்க வேண்டாம். நீங்கள் தவறி விழுந்தால் கத்தியை நிறுத்துவது அதுதான். சூடான எஞ்சினில் பெற்றோல் ஊற்ற வேண்டாம்.

அயலவரையும் நினைவில் வையுங்கள். அவர்களின் வீட்டுக்குள் கேட்கும்படி, சிட்னியில் ஞாயிறும் பொது விடுமுறைகளிலும் காலை 8 மணிக்கு முன்னரும், மற்ற நாட்களில் 7 மணிக்கு முன்னரும் புல்வெட்டி ஓட்டக்கூடாது. மெல்பேர்ணில் வார நாட்களில் 7 மணி. சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் 9 மணி. இரு நகரங்களிலும் இரவு 8 மணியோடு நிறுத்த வேண்டும்.

இந்த நாட்டின் புகழ்பெற்ற விக்டா புல்வெட்டி, 1952 இல் சிட்னியின் கொன்கோட் பகுதியில் ஒரு வீட்டுக் கராஜில் பிறந்தது. அதன் முதல் பெற்றோல் தாங்கி வெறும் பீச் பழ ரின். கையில் இருந்ததைக் கொண்டு காரியம் பார்ப்பது எமக்கும் புதிதல்ல. ஊரில் கற்ற கைத்தொழிலோடு வந்த பெரியவர்கள் எமது வீடுகளில் சும்மா இருக்கிறார்கள். பணம் செலவழிக்குமுன் அவர்களிடம் ஒருதரம் கேட்டுப் பார்ப்போம்.