போலிக்கும் ஒரு வரலாறு

முத்துக்குளிப்பால் முன்னாளிற் புகழ்பெற்ற மன்னாரிலே போலி முத்துக்கு மதிப்பில்லை. தொலைக்காட்சி விளையாட்டுக் கருவிகளைச் சேகரிப்போரோ போலியையும் நாடித் தேடுகின்றனர். காரணம் என்ன?

1983ஆம் ஆண்டில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்னும் கருவியை வெளியிட்டது. தைவான் முதலிய இடங்களில் அதனைப் பார்த்துச் செய்த மலிவான கருவிகள் பல நாடுகளிற் பரவின. ரஷ்யாவில் 1992இல் வந்த டெண்டி அவற்றுள் ஒன்று. அசல் எட்டாத இடங்களிற் சிறுவர் அறிந்தது போலியையே. கசெட்டின் மேலுறை பல நூறு விளையாட்டுகள் என்னும். உள்ளே சிலவே பெயர் மாறி மீண்டும் மீண்டும் வரும். அப்பொய்யும் இன்று வரலாறே.

ஆயின் மன்னார் போன்ற கடலோரங்களில் உப்புக் காற்று கசெட்டின் செம்புத் தொடுமுனைகளை அரித்துவிடும். துடைத்து உலர்த்தி, ஈரம் புகாப் பெட்டியில் வைத்தல் வேண்டும். உள்ளிருப்பதைப் படியெடுத்தலும் வேண்டும். ஒரு விளையாட்டுக்கு எஞ்சிய சான்று சில வேளை போலி ஒன்றாகவே இருத்தல் கூடும்.