தவறு எங்கே என்று தேடிய பேராசிரியர்

ஜெலுத்தோங்கில் வார இறுதியில் வேதியியல் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறேன். அண்மையில் ஆறாம் படிவ மாணவி ஒருத்தி, சிவப்பு மை நிறைந்த தன் ஆய்வறிக்கையை மேசைமேல் வைத்தாள். "சார், எனக்கு அறிவியல் வராதுபோல" என்றாள்.

அவளுக்கு நான் பேராசிரியர் ஜி.என்.இராமச்சந்திரனின் கதையைச் சொன்னேன்.

1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர் அவர். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றார். நம் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதத்தின் அமைப்பு அன்று புதிராகவே இருந்தது. அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கொலாஜன் மாதிரி பெற்று, எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தார். 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டனர். கொலாஜனில் மூன்று இழைகள் சேர்ந்திருக்கின்றன என்றனர். அவை கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று மறு ஆண்டே தம் மாதிரியைச் செம்மைப்படுத்தினர்.

ஆனால், டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அதில் குறை கண்டனர். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்பது அவர்கள் வாதம்.

இராமச்சந்திரன் துவண்டுவிடவில்லை. "அப்படியானால், அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்?" என்ற கேள்வியைக் கையில் எடுத்தார். அதுவரை வெளிவந்திருந்த படிக ஆய்வுகளிலிருந்து அணுக்களின் இடைவெளிகளைத் திரட்டினார். நம் முழங்கை எல்லாப் பக்கமும் மடங்குவதில்லை அல்லவா? புரத இழையும் அப்படித்தான். ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் சுழலக்கூடிய இரண்டு பிணைப்புகள் உண்டு. எந்தெந்தக் கோணங்களில் சுழன்றால் அணுக்கள் மோதிக்கொள்ளாது என்று சி.இராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து கணக்கிட்டார். கையில் இருந்தது மேசைக் கணக்குப்பொறிதான்.

1963இல் பிறந்தது 'இராமச்சந்திரன் வரைபடம்'. இன்று உயிர்வேதியியல் பயிலும் மாணவர் எந்த நாட்டில் இருந்தாலும் அதைப் படிக்கிறார். கொரோனா கிருமியின் புரதம் உட்பட, புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்புகள் சரிதானா என்று அதை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். கொலாஜனின் மூவிழை அமைப்பும் நிலைத்துவிட்டது.

2001இல் அவர் மறைந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. பெயர் மட்டும் பாடநூல்களில் வாழ்கிறது.

கதையைக் கேட்டு முடித்த மாணவி அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சார், இந்த மூன்றாவது கணக்கில் நான் எங்கே தவறினேன்?"

மாணவர்களே, அடுத்த முறை சிவப்பு மையைக் காணும்போது நீங்களும் இதே கேள்வியைக் கேளுங்கள்.