வண்டிச் சக்கரமும் தண்ணீர்த் தொட்டியும்

பொழிச்சலூரின் தலைக்கு மேலே விமானம் பறக்கிறது. பக்கத்திலே அடையாறு ஓடுகிறது. 2015 டிசம்பரில் அந்த ஆறு கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. 2019 கோடையிலோ பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்தது தண்ணீர்! ஐம்பது வாகன், 25 லட்சம் லிட்டர்.

ஏரியைக் காப்பது ஒரு வேலை. அள்ளிச் சுத்தம் செய்த நீரை ஊருக்கு அருகே காத்து வைப்பது இன்னொரு வேலை. செம்பரம்பாக்கத்தில் நாளுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் 2007 முதல் இருக்கிறது. மின்சாரம் நின்றால், வழியில் குழாய் உடைந்தால், வேலை முடிந்து வரும் தொழிலாளி எதைக் குடிப்பான்? அதற்குத்தான் கேட்கிறோம், பெரிய தொட்டி!

எப்படிப்பட்ட தொட்டி? 30 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழமுள்ள வட்டத் தொட்டி 42 லட்சம் லிட்டர் கொள்ளும். ரயில் கொண்டு வந்ததைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல்! ஆளுக்கு 135 லிட்டர் என்றால், 31,000 பேருக்கு ஒரு நாள். ஆனால் நிரப்பினால் நீர் சும்மா நிற்குமா? சுவரை வெளியே தள்ளும். அடியிலே ஒரு மீட்டர் உயரச் சுவரைப் பிய்த்திழுக்கும் விசை ஏறத்தாழ 80 டன்! கான்கிரீட்டோ அமுக்கினால் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும்.

விடை நம் கொல்லன் பட்டறையிலே இருக்கிறது. இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மரச் சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவான். பட்டை சுருங்கும், மரம் இறுகும். பாரம் ஏறுமுன்பே இறுக்கம்! அதே வேலையை உயர்வலிமை எஃகுக் கம்பியால் கான்கிரீட்டுக்குச் செய்தார் பிரெஞ்சுப் பொறியாளர் பிரெய்சினே. 1928இல் காப்புரிமையும் பெற்றார். பிரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் என்பது அதுதான். சாதாரணக் கம்பி உதவாது. கான்கிரீட் நாளாக நாளாகச் சுருங்க, அந்த இறுக்கம் கரைந்துவிடும்.

இழுத்த கம்பி அறுந்தால் ஆளைக் கொல்லும். இழுக்கும் ஜாக்கிக்குப் பின்னே எவனையும் நிறுத்தாதே என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். கூலி மிச்சம் பிடிப்பவன் முதலில் மறப்பதும் அதைத்தான்! அடுத்து, கம்பிமேல் சிமெண்ட் பூச்சைக் குறைப்பான். துரு உள்ளே புகும், வெளியே தெரியாது, திடீரென்று அறும்.

ஆகவே தோழர்களே, தொட்டி எழும் நாளில் திறப்பு விழாப் பந்தலில் கூடினால் போதாது. அதற்கு முன்பே நீர் நிரப்பி, நாள்கணக்கில் நிறுத்தி, மட்டம் இறங்குகிறதா என்று அளப்பார்கள். அன்று போங்கள். சுவரைச் சுற்றி நடங்கள். ஈரம் கசிந்த இடத்தைக் கண்டால், கரிக்கட்டியால் வட்டம் போட்டுப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.