பெங்களூரா, மங்களூரா? முன்பதிவுக்கு முன் ஒரு கணக்கு

ஊரிலிருந்து உறவினர்கள் வந்து இறங்கியதும் பெங்களூர்த் தமிழ் வீடுகளில் கிளம்பும் விவாதம் இது. நாலு நாள் விடுமுறையை லால்பாக், கப்பன் பார்க், விதான சவுதா என்று தலைநகரிலேயே கழிப்பதா, ராத்திரி வண்டி ஏறி மங்களூர்க் கடற்கரைக்குப் போவதா? எது அழகு என்று வாதாடுவதை விட, பயணம் பாதியில் முறிந்தால் எந்தப் பணம் திரும்பும் என்று பார்ப்பது நல்லது.

நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ரயில் சக்லேஷ்பூர்–சுப்ரமண்யா மலைப்பாதையில் 57 சுரங்கப்பாதைகளைக் கடக்கிறது. சாலை சிராடி காட் வழியாக இறங்குகிறது. மழைக்காலத்தில் இரண்டிலும் மண்சரிவு அபாயம் உண்டு. 2024 ஜூலை 26 அன்று எடகுமேரி அருகே சரிந்த மண்ணால் பெங்களூரு–மங்களூரு ரயில்கள் பல நாட்கள் ஓடவில்லை.

ரயில்வேயே வண்டியை ரத்து செய்தால், இணையத்தில் எடுத்த டிக்கெட்டின் முழுத்தொகையும் தானாகவே கணக்குக்கு வந்துவிடும். வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் பயணத்தைக் கைவிட்டு முழுத்தொகை கேட்கலாம். ஆனால் அந்த வண்டி உங்கள் நிலையத்தை விட்டுப் புறப்படும் முன்பே டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் இணைய விண்ணப்பம்) பதிவு செய்ய வேண்டும். பலர் வீட்டுக்குப் போய் நிதானமாகப் பதிவு செய்து பணத்தை இழக்கிறார்கள்.

சிக்கல் அறை வாடகையில்தான். 'பணம் திருப்பித் தரப்படாது' என்ற சலுகை விலையில் அறை எடுத்துவிட்டு ரயில் ஓடாமல் போனால், "அறை தயாராகத்தானே இருந்தது" என்பார் விடுதிக்காரர். அதிலும் நியாயம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, சில நூறு ரூபாய் கூடினாலும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையையே எடுங்கள். நீங்கள் போய் நின்றபின் அறை இல்லை என்றாலோ, படத்தில் காட்டியது வேறு, கிடைத்தது வேறு என்றாலோ, அது சேவைக் குறைபாடு, இழப்பீடு கேட்கலாம்.

கடல் விஷயத்தில் இழப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இனப்பெருக்கத்துக்கான தடைதான் என்றாலும், அந்த மாதங்களில் கடல் எவ்வளவு கொந்தளிக்கும் என்பது மீனவர்களுக்குத் தெரியும். மழை ஓய்ந்தால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். இதே கரையில் உள்ள முருடேஸ்வரில் சுற்றுலா வந்த கோலார் மாவட்டப் பள்ளி மாணவிகள் நால்வர் மூழ்கி இறந்தது 2024 டிசம்பரில். உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும், அவர் சொல்லும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

தலைநகரில் உயிர் பயம் குறைவு. பணம்தான் சில்லறையாகக் கரையும். 2025 ஆகஸ்ட் 1 முதல் ஆட்டோவுக்கு முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 18. ஒன்றரை மடங்கு கேட்கலாம், இரவு 10 முதல் காலை 5 வரை மட்டும். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் மூட்டையோடு நிற்பவரிடம் பட்டப்பகலிலேயே கேட்பது வேறு கதை. உணவக பில்லில் சேவைக் கட்டணம் தானாக ஏறியிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். அப்படிச் சேர்க்கக் கூடாது என்ற 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது.

பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள், தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மங்களூரில் ஏமாந்ததற்கு மங்களூருக்கு அலைய வேண்டியதில்லை: 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. கெடு 2 ஆண்டு. அதுவரை பில், முன்பதிவுச் செய்தி, ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள்.