வீட்டை விற்கிறீர்களா? தரகரின் லாபக் கணக்கை முதலில் போடுங்கள்

வீடு வாங்குகிறவருக்கு அறிவுரை சொல்ல ஊரே இருக்கிறது. வில்லங்கச் சான்று பார், பட்டா யார் பெயரில் என்று பார், மூலப்பத்திரம் கேள் என்று பட்டியல் நீளும். விற்கிறவருக்கு அப்படி யாரும் சொல்வதில்லை. தெருமுனையில் அலுவலகம் வைத்திருப்பவரிடமோ உறவினர் கைகாட்டியவரிடமோ பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, கமிஷன் ஒரு சதவீதமா இரண்டு சதவீதமா என்ற பேரத்தோடு விஷயத்தை முடித்துவிடுகிறோம். ஆனால் சென்னையிலோ கோவையிலோ ஒரு நடுத்தரக் குடும்பம் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய விற்பனை அநேகமாக இதுதான். அதில் தரகர் வாங்கிக்கொள்ளும் கமிஷனைவிட, அவர் விட்டுக்கொடுக்கும் விலைதான் விற்பவரின் கையைக் கடிக்கும். ஆகவே நல்ல தரகர் யார் என்பதை அவருடைய பேச்சையும் பழக்கத்தையும் வைத்து முடிவு செய்ய முடியாது. வீடு எப்படி விலைபோனால் அவருக்கு லாபம் என்ற கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூவாயிரமும் மூன்று லட்சமும்

ஒரு வீட்டுக்கு 80 லட்சம் ரூபாய் தர ஒருவர் தயாராக இருக்கிறார். கமிஷன் 1 சதவீதம், அதாவது 80,000 ரூபாய். இன்னும் இரண்டு மாதம் பொறுத்து, மேலும் நாலைந்து பார்ட்டிகளை அழைத்துவந்து காட்டினால் 83 லட்சம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் போக உரிமையாளருக்குக் கூடுதலாக வருவது 2,97,000 ரூபாய். தரகருக்கு வருவது 3,000 ரூபாய். அந்த மூவாயிரத்துக்காக இரண்டு மாதம் அலைவதைவிட, இன்றைக்கே இதை முடித்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்ப்பதுதான் அவருக்கு லாபம். “இதுக்கு மேல போகாது சார், நல்ல பார்ட்டி, விட்றாதீங்க” என்று அவர் சொல்லும்போது பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் தோன்றும்.

இது வெறும் ஊகமல்ல. பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் நடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது, அதே தன்மையுள்ள வாடிக்கையாளர் வீடுகளைவிட சுமார் 3.7 சதவீதம் அதிக விலை பெற்றார்கள். அதற்காக ஒன்பது, பத்து நாள் கூடுதலாகக் காத்திருக்கவும் செய்தார்கள். அமெரிக்கச் சந்தை வேறு, நம் சந்தை வேறு என்று சொல்லலாம். வேறுதான், ஆனால் அந்த வேறுபாடு நமக்குச் சாதகமாக இல்லை. அங்கே தரகருக்கு உரிமம் கட்டாயம், கமிஷன் விகிதமும் நம்மூரைவிட அதிகம். இங்கே கமிஷன் குறைவு என்பதால், விலையை உயர்த்தப் பாடுபடுவதில் தரகருக்கு வரும் பலனும் குறைவு. போதாததற்கு, பல இடங்களில் வாங்குபவரிடமும் அவரே கமிஷன் பெறுகிறார். அப்படியானால் பேரத்தில் அவர் யார் பக்கம்? இந்தக் கேள்வியை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் வாங்குவதை ஒளிக்காமல் சொல்பவர், ஒளிப்பவரைவிட மேல்.

இந்தச் சிக்கலுக்கு நம்மூரில் ஒரு பழைய தீர்வு உண்டு. “எனக்குக் கையில் இவ்வளவு வந்தால் போதும், மேலே வைத்து விற்பது உன் சாமர்த்தியம்” என்று விட்டுவிடுவது. விலை ஏறினால் தரகருக்கு நேரடி லாபம் என்பதால் நியாயமான ஏற்பாடுபோலத் தெரியும். ஆனால் வீடு உண்மையில் என்ன விலைக்குப் போனது என்பதே உரிமையாளருக்குத் தெரியாமல் போகிறது. மேலே வைத்த தொகை பெரும்பாலும் ரொக்கமாகவே கைமாறுகிறது. தொடக்க விலையைக் குறைத்துச் சொல்லும் ஆசையும் தரகருக்கு வந்துவிடுகிறது. இதைவிட வெளிப்படையான வழி படிநிலைக் கமிஷன். ஒப்புக்கொண்ட விலைவரை 1 சதவீதம், அதற்கு மேல் வரும் தொகையில் 10 சதவீதம் என்று பேசினால், மேலே சொன்ன வீட்டுக்கு 83 லட்சம் வாங்கித் தரும் தரகருக்கு 3,000 ரூபாய்க்குப் பதில் 30,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். உரிமையாளரும் 2,70,000 ரூபாய் கூடுதலாகப் பெறுவார். கமிஷனைக் குறைத்துப் பேசி மிச்சம் பிடிப்பதைவிட, அதைச் சரியான இடத்தில் கூட்டிக் கொடுப்பது லாபம்.

விலை சொல்வதிலேயே தெரிந்துவிடும்

இந்த ஏற்பாடு பலிக்க வேண்டுமானால் அடிப்படை விலை சரியாக இருக்க வேண்டும். மூன்று தரகர்களை அழைத்து விலை கேட்டால், அதிக விலை சொன்னவரையே மனம் நாடும். பல குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். வீட்டைப் பிடிப்பதற்காக உயர்த்திச் சொன்ன விலை, இரண்டு மாதம் ஆள் வராமல் போனதும் ஒவ்வொரு லட்சமாக இறங்கத் தொடங்கும். எனவே விலையைக் கேட்பதோடு நிற்காமல் ஆதாரத்தைக் கேட்க வேண்டும். பக்கத்துத் தெருக்களில் அண்மையில் எந்த வீடு, எத்தனை வருடக் கட்டடம், என்ன சொல்லி என்ன விலைக்கு முடிந்தது, எத்தனை நாள் ஆனது என்று அவர் சொல்ல வேண்டும். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்க விவரம் எடுத்தால் பத்திரத்தில் எழுதிய தொகை தெரியும். ஆனால் அந்தத் தொகை பல நேரம் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்கும். உண்மையில் முடிந்த விலை அந்த வட்டாரத்தில் புழங்கும் தரகருக்குத்தான் தெரியும். அவருடைய உண்மையான முதல் அதுதான். கிரவுண்டு இன்ன விலை, கட்டடத்துக்கு இவ்வளவு தேய்மானம், அடுக்குமாடி வீடென்றால் பிரிக்கப்படாத மனைப் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்பவரை நம்பலாம்.

இன்னொரு அடையாளம், வீட்டைப் படம் எடுப்பதற்கு முன் அவர் ஆவணங்களைக் கேட்கிறாரா என்பது. இன்றைக்கு வாங்குபவர்களில் பலர் வங்கிக் கடனை நம்பி வருகிறார்கள். வங்கியின் வழக்கறிஞர் பட்டா, வாரிசுச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம் எல்லாவற்றையும் பார்ப்பார். அங்கே சிக்கினால், முன்பணம் வாங்கிய பிறகும் விற்பனை நின்றுபோகும். குறையை முன்னாலேயே சொல்லிச் சரிசெய்ய வைக்கும் தரகர், தன் கமிஷனுக்கு உண்மையாகவே வேலை செய்கிறவர்.

ஒருவரா, நாலு பேரா?

நாலு பேரிடம் சொல்லிவைத்தால்தானே நாலு பார்ட்டி வரும் என்பது வழக்கமான வாதம். நடப்பது வேறு. ஒரே வீடு விளம்பரத் தளங்களில் மூன்று விலையில் தெரியும். பார்ப்பவர் குறைந்த விலையில் இருந்து பேரத்தைத் தொடங்குவார். இன்னொருவர் முடித்துவிடக்கூடும் என்ற நிலையில் எந்தத் தரகரும் முழு மூச்சாக உழைக்க மாட்டார். ஒருவரிடமே கொடுத்தால் அவர் தூங்கிவிடுவாரே என்ற பயமும் நியாயமானதே. அதனால்தான் கெடு வேண்டும். 60 அல்லது 90 நாள் ஒருவரிடம். மற்ற தரகர்கள் ஆள் கொண்டுவந்தால் கமிஷனைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். யார் யார் பார்த்தார்கள், என்ன விலை கேட்டார்கள் என்று வாரம் ஒருமுறை சொல்ல வேண்டும். கெடு முடிந்தால் உரிமையாளர் வேறு ஆளைத் தேடலாம்.

தெரிந்தவரிடம் இதையெல்லாம் எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பாரே என்று பலர் தயங்குகிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் பேசும். அதன் 219ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை வேலை முடிந்த பிறகுதான் முகவருக்குக் கூலி. இது விற்பவருக்குச் சாதகம். ஆனால் 221ஆம் பிரிவுப்படி, கமிஷன் பாக்கி தீரும்வரை தன்னிடம் உள்ள உங்கள் காகிதங்களைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. அசல் பத்திரத்தை ஏன் தரகரிடம் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தவர் என்பதை மட்டும் நம்பியும் இருந்துவிட முடியாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், ஆணையத்தில் பதிவான திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத் தரும் முகவர்களுக்குத்தான் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தனிநபர் விற்கும் பழைய வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பதிவு இருப்பது நல்ல அறிகுறி, அவ்வளவுதான். கமிஷனுக்கு ரசீது வாங்குவதிலும் லாபம் இருக்கிறது, வருமான வரியில் மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது அதைச் செலவாகக் கழிக்கலாம். முன்பணத்தை வங்கி வழியாகவே வாங்க வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விற்பவர் தலையில்தான் விழும்.

தரகரே வேண்டாம், நாமே விளம்பரம் கொடுத்து விற்றால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவின் மேடிசன் நகரில் உரிமையாளர்களே விற்ற வீடுகளையும் தரகர் வழியே போன வீடுகளையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு, விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும், தரகர் வழியே போனவை சீக்கிரம் விற்றன என்றும் சொன்னது. உள்ளூரில் இருந்துகொண்டு, நேரமும் பேரம் பேசும் பொறுமையும் உள்ளவர் தாமே முயன்று பார்க்கலாம். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு அம்பத்தூர் வீட்டை விற்பவருக்குத் தரகர் தேவைதான். யாராக இருந்தாலும் மூன்று தரகர்களைச் சந்தித்துப் பேசுங்கள். விலைக்கு ஆதாரம் காட்டி, கெடுவையும் கமிஷனையும் எழுத்தில் ஒப்புக்கொள்பவரிடம் வேலையைக் கொடுங்கள். ‘பவர்’ எழுதிக் கொடுங்கள் என்று கேட்பவரை மட்டும் அன்றோடு விட்டுவிடுங்கள்.