பூச்சி அண்மை ஒளிப்படம்

பூச்சி, சிலந்தி முதலிய சிற்றுயிர்களை மிக அருகிலிருந்து பெரிதாகப் படம்பிடிப்பது அண்மை ஒளிப்படம் (மேக்ரோ) எனப்படும். 10 மி.மீ. நீளமுள்ள பூச்சியின் பிம்பம் கேமராவின் உணரியிலும் 10 மி.மீ. நீளத்தில் விழுந்தால் அது 1:1 அளவு. அப்போது வில்லைத் துளையை எஃப்/8க்குச் சுருக்கினாலும் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. எனவே பூச்சியின் கண்ணில் குவியம் வைப்பர். இறக்கைக் குறிகள் தேவையெனில் கேமராவை விரிந்த இறக்கைக்கு இணையாகப் பிடிப்பர்.

கொங்கு நாட்டில் எருக்கஞ்செடிகளை அடுத்துக் காணப்படும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி இதன் தேவையை உணர்த்தும். இதன் புழு எருக்கிலையைத் தின்று வளர்வதால், பறவைகள் இப்பட்டாம்பூச்சியை ஒதுக்கும். வேறோர் இனத்தின் பெண் பட்டாம்பூச்சி இதே தோற்றம் கொண்டு தப்பிக்கிறது. பின்னிறக்கையின் உட்பகுதியில் 3 அல்லது 4 கரும்புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன். ஒன்றே இருந்தால் போலி. பறக்கும்போது புலப்படாத இவ்வேறுபாட்டைத் தெளிவான ஒரு படம் காட்டிவிடும்.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தில் பதப்படுத்திய பூச்சிகளைக் காணலாம். வீட்டுத் தோட்டத்தில் படமெடுக்கப் பூச்சியைக் கொல்லத் தேவையில்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்வதும் கூடாது. வெயில் ஏறுமுன் பூச்சிகள் மந்தமாக இருக்கும். அந்நேரத்தில் நம் நிழல் அவற்றின்மீது விழாமல் மெல்ல நெருங்க வேண்டும். படத்துடன் நாள், இடம், செடியின் பெயர் ஆகியவற்றையும் குறித்தால் அது பயனுள்ள பதிவாகும்.